கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழில்களும் ஆக்கச் செயற்கை நுண்ணறிவும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழை எழுதியும் வடிவமைத்தும் பேசியும் பிழைப்பு நடத்துவோரின் உலகம் நாளிதழ்களாலும் புத்தகப் பதிப்பாலும் மட்டும் ஆனதன்று. பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள துணிக்கடைகளின் தீபாவளிப் பதாகைகள், திருமண அழைப்பிதழ்கள், கோயில் திருவிழாத் துண்டறிக்கைகள், நினைவஞ்சலி விளம்பரங்கள், உணவகப் பட்டியல்கள், வானொலி விளம்பர வசனங்கள், சமூக ஊடகங்களில் ஓடும் அரை நிமிடக் காணொளிகள் எனச் சிறிதும் பெரிதுமான வேலைகள் சேர்ந்தே அந்த உலகைத் தாங்கி வந்துள்ளன. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தபின், இவ்வேலைகளுள் எதை ஆளிடம் கொடுப்பது, எதைக் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்வது என்ற கேள்வி சிறு வணிகர்களின் முன் வந்து நிற்கிறது. அதே கருவி, முதலீடும் ஆள்பலமும் இல்லாததால் தொழில் தொடங்கத் தயங்கியவர்களுக்கு ஒரு வழியையும் திறந்துவிட்டிருக்கிறது. ஒரே சமூகத்தின் இரு பிரிவினரை இரு வேறு விதமாகத் தொடும் இந்த மாற்றத்தைப் பொதுவான வியப்பாலோ பொதுவான அச்சத்தாலோ விளங்கிக்கொள்ள முடியாது.

ஆக்கச் செயற்கை நுண்ணறிவு என்பது, ஏற்கெனவே உள்ளவற்றை வகைப்படுத்துவதோடு நில்லாமல், புதிய எழுத்தையும் படத்தையும் ஒலியையும் உருவாக்கித் தரும் மென்பொருள் வகை. இதன் எழுத்துப் பிரிவுக்கு அடிப்படையாக இருப்பது மொழி மாதிரி எனப்படும் கணித அமைப்பு. அது பெருந்தொகையான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்பதன் நிகழ்தகவைக் கற்றுக்கொண்டு, பயனர் எழுதும் வேண்டுகோளுக்கு, அதாவது ஏவலுக்கு, ஏற்பத் துண்டு துண்டாக விடையைக் கோத்துக்கொண்டே போகிறது. படங்களை ஆக்கும் மென்பொருள்களுள் பல, வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து தொடங்கி, கற்ற படங்களின் சாயலுக்கு ஏற்ப அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கின்றன. உண்மையைச் சரிபார்த்துச் சொல்லும் அமைப்பு இவற்றுக்குள் இயல்பாக இல்லை. ஆகவே, தெரியாத ஒன்றையும் தெரிந்ததுபோலவே இட்டுக்கட்டிச் சொல்லும் குணம் இவற்றின் பிறவிக் குறையாகத் தொடர்கிறது.

மலேசியாவில் இத்தொழில்நுட்பம் அரசின் ஊக்கத்தோடு பரவுகிறது. 2024 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'ஏஐ உந்துக் ரக்யாட்', அதாவது மக்களுக்கான செயற்கை நுண்ணறிவு என்ற இணையவழிப் பயிற்சி, மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் வெளியிடப்பட்டது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவு ஆளுகைக்கும் நெறிமுறைக்குமான தேசிய வழிகாட்டியும், டிசம்பரில் இலக்கவியல் அமைச்சின்கீழ் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகமும் வந்தன. வழிகாட்டி தன்னார்வமாகப் பின்பற்றப்பட வேண்டிய ஒன்று. சட்டத்தின் வலிமை அதற்கு இல்லை.

சிறு வணிகத்தின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டால், நன்மை தெளிவாகவே தெரிகிறது. மலேசிய வரையறையில் ஆண்டு விற்பனை 300,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகவோ முழுநேர ஊழியர்கள் ஐவருக்குக் குறைவாகவோ உள்ள தொழில் நுண்தொழில் எனப்படுகிறது. வீட்டு அடுக்களையில் பலகாரம் சுடுபவர், முக ஒப்பனைக் கலைஞர், மாலை கட்டுபவர், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். இவர்கள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்வதற்கு ஆகும் செலவு பெரிதன்று. 1956ஆம் ஆண்டுத் தொழில் பதிவுச் சட்டத்தின்கீழ், சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் நடத்தினால் 60 ரிங்கிட். அதற்குப் பின் வரும் கடன் விண்ணப்பம், தொழில் திட்ட அறிக்கை, மாதாந்திரப் பண ஓட்டக் கணிப்பு, ஊராட்சி மன்றத்துக்கான கடிதம் ஆகியவற்றில்தான் பலரும் நின்றுவிடுகின்றனர். தெக்குன் நேஷனலின் இந்தியத் தொழில்முனைவோருக்கான 'ஸ்பூமி' திட்டம், 2024இல் அமானா இக்தியார் இந்தியப் பெண்களுக்காக 50 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கித் தொடங்கிய 'பெண்' திட்டம், அதே ஆண்டு பேங்க் ராக்யாட் அறிவித்த 'பிரீஃப்-ஐ' கடனுதவி என வாய்ப்புகள் இருந்தும், அவற்றை அணுகுவதற்கான ஆவணங்களை ஒழுங்கான மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தர ஆள் கிடைக்காமல் பின்வாங்குவோர் உண்டு.

தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைக் கல்வியோடு வேலைக்குப் போன ஒரு பெண், தன் தொழிலைப் பற்றித் தமிழும் மலாயும் கலந்து பேசியதையே மொழி மாதிரி அலுவலக மலாயில் கடிதமாக்கித் தருகிறது. மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலம் ஆகியவற்றின் செலவைச் சொன்னால் ஒரு பொட்டலத்தின் அடக்கவிலையைக் கணக்கிட்டு அட்டவணையாக்குகிறது. மூன்று மொழிகளுக்கு இடையே வாழும் ஒரு சமூகத்துக்கு இது சிறிய உதவியன்று. முன்பு இந்த வேலைக்காகப் படித்த உறவினரின் ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, அல்லது முகவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பையும் கடமைப்பாட்டையும் நீக்கியதே கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழில்முனைவோருக்கு இத்தொழில்நுட்பம் அளித்த தலையாய நன்மை எனலாம்.

ஆயினும் எளிதாகக் கிடைப்பது சரியாகவும் இருக்கும் என்று கொள்வது ஆபத்து. முறுக்குப் பொட்டலம் ஒன்றின் மேலொட்டியையே எடுத்துக்கொள்ளலாம். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, உள்நாட்டில் தயாரித்துப் பொட்டலமிடும் உணவின் விவரம் மலாயில் இருக்க வேண்டும். சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் தரப்பட வேண்டும். பசையம் கொண்ட தானியம், நிலக்கடலை உள்ளிட்ட கொட்டை வகைகள், சோயா, பால், முட்டை, மீன் ஆகியன போல ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தெரிவித்தாக வேண்டும். 'அரிசி மாவு, கடலை மாவு, உளுந்து மாவு, எள், வெண்ணெய்' என்று தமிழில் தட்டச்சு செய்து மலாயில் கேட்கும்போது, கொண்டைக்கடலையிலிருந்து வந்த கடலை மாவை மென்பொருள் நிலக்கடலை மாவாகக் கொண்டுவிட வாய்ப்புண்டு. அப்போது இல்லாத ஒவ்வாமைப் பொருள் மேலொட்டியில் ஏறிவிடுகிறது. அதைவிடக் கேடானது, உண்மையில் உள்ள ஒன்று விடுபட்டுப்போவது. எடையின் வரிசையையும் மென்பொருள் தானாக அறியாது. அடுக்களையில் நிற்பவரே அளந்து சொல்ல வேண்டும். நேர்த்தியான அச்சில் வரும் பிழையை யாரும் ஐயப்படுவதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல்.

பயன் எல்லாருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. கென்யாவில் 640 சிறு தொழில்முனைவோரிடம் வாட்ஸ்அப் வழியாகச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சராசரியாகப் பார்த்தபோது விற்பனையிலும் இலாபத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆனால் ஏற்கெனவே நன்றாகத் தொழில் நடத்தியவர்கள் அதனால் முன்னேறினர், தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் மேலும் பின்தங்கினர். பின்தங்கியவர்கள் தம் தொழிலின் கடினமான சிக்கல்களையே அதனிடம் கேட்டனர் என்பதும், அத்தகைய சிக்கல்களில் அதன் அறிவுரை உதவவில்லை என்பதும் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழில்முனைவோர் பயிற்சி நடத்தும் அமைப்புகள் இம்முடிவை ஊன்றிப் பார்க்க வேண்டும். கருவியைத் திறக்கக் கற்றுக்கொடுக்கும் அரைநாள் பட்டறை, ஏற்கெனவே கணக்குப் புத்தகம் வைத்திருப்பவருக்குத்தான் கைகொடுக்கும். கணக்கு எழுதும் பழக்கமே இல்லாதவருக்கு முதலில் தேவைப்படுவது கணக்குப் புத்தகம்.

அடுத்தது தமிழில் இவற்றின் தரம். மொழி மாதிரிகள் எழுத்தைச் சொற்களாகப் பார்ப்பதில்லை. டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாகவே பார்க்கின்றன. ஒரு மொழியில் பயிற்சிக்கான எழுத்து குறைவாக இருந்தால், அம்மொழியின் சொற்கள் மிகச் சிறிய துண்டுகளாக உடைகின்றன. அதனால் செலவும் நேரமும் கூடுகின்றன. 2024 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, தானே தந்த எடுத்துக்காட்டு இதை விளக்கும். ஒரே அறிமுக வாசகம் ஆங்கிலத்தில் முன்பு 27 டோக்கன்களாகவும் புதிய முறையில் 24 ஆகவும் இருக்க, தமிழில் அது 116இலிருந்து 35ஆகக் குறைந்தது. அதுவரை தமிழில் கேட்டவர் ஆங்கிலத்தில் கேட்டவரைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்ட துண்டுகளைச் செலவிட்டார் என்பதே இதன் பொருள். சிங்கப்பூரில் உருவான 'சீ-லயன்' மாதிரியில் தமிழும் ஒரு மொழியாகச் சேர்க்கப்பட்டது நல்ல முயற்சி.

எண்ணிக்கை குறைந்துவிட்டதாலேயே நடை வந்துவிடாது. மென்பொருள்கள் கற்ற தமிழ் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் தமிழகச் செய்தித் தமிழும் கலைக்களஞ்சியத் தமிழும் ஆகும். தாமான், தோட்டம், ஒட்டுக்கடை, பசார் மாலாம் என்று வாழும் மலேசியத் தமிழரின் பேச்சு அதில் மிகக் குறைவு. 2015இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' திரைப்படத்தில் வரும் மாந்தர்கள் பேசும் தமிழை, அதன் மலாய்க் கலப்பையும் சுருக்கங்களையும் சேர்த்து, இன்றைய மொழி மாதிரியிடம் எழுதச் சொன்னால், அது தரும் உரையாடலில் சென்னையின் வாடை அடிக்கும். படங்களில் நிலைமை இன்னும் மோசம். படத்தை ஆக்கும் மென்பொருள் எழுத்தை எழுத்தாக அறியாமல் வடிவமாகவே வரைவதால், 'கொ', 'கோ' போன்று மெய்யின் இருபுறமும் குறிகள் வரும் எழுத்துகளில் கொம்பு ஓரிடமும் கால் வேறிடமுமாகச் சிதறுவதுண்டு. தீபாவளி வாழ்த்துகளில் தமிழ்போல் தோன்றி எந்த மொழியுமாக இல்லாத எழுத்துகள் வெளிவருவதற்கு இதுவே காரணம். தேசியக் கொடியின் 14 கோடுகளையும் 14 முனை நட்சத்திரத்தையும் இவை தவறாக வரைவது இன்னொரு அபாயம். 2025 ஏப்ரலில் கொடி பிழையாக அச்சேறிய நிகழ்வுகள் நாடு முழுதும் எழுப்பிய சினத்தை அறிந்த வணிகர் எவரும் சரிபார்க்காத படத்தைக் கடைவாசலில் மாட்டத் துணியமாட்டார்.

ஆக, இக்கருவி மிகுந்த வலிமையோடு இயங்குவது அலுவலக மலாயிலும் ஆங்கிலத்திலும், தடுமாறுவது தமிழில். ஆனால் சிறு வணிகர் பணத்தை மிச்சப்படுத்த முனையும்போது முதலில் கைவைக்கப்படுவது தமிழ் வேலை. வாடிக்கையாளர் பெரும்பாலும் ஆங்கிலத்தையோ மலாயையோ படித்துவிடுவார், தமிழ் ஓர் அலங்காரம்தானே என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. இவ்வெண்ணம் தவறானது, வணிக நோக்கிலும் தவறானது. தமிழ்க் கடையைத் தேடி வரும் மூத்த வாடிக்கையாளர் பிழையான தமிழைக் கண்டு முகம் சுளிப்பது, அந்தக் கடை தம்மை மதிக்கவில்லை என்று உணர்வதால்தான்.

இதன் விளைவு படைப்பாளிகளின் வருவாயில் மட்டும் நிற்பதில்லை. அப்வொர்க் என்ற உலகளாவிய தற்காலிக வேலைச் சந்தையை ஆராய்ந்தவர்கள், சாட்ஜிபிடி வந்தபின் எழுத்துத் தொடர்பான வேலை செய்வோருக்குக் கிடைத்த பணிகள் 2 விழுக்காடும் மாத வருவாய் 5.2 விழுக்காடும் குறைந்ததைக் கண்டனர். திறமைக்குப் பெயர்பெற்றவர்களும் அதிலிருந்து தப்பவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் படைப்புலகில் இதைவிட ஆழமான ஓர் இழப்பு நேரக்கூடும். இங்கே தமிழ் எழுத்தாளர்களுக்கோ வடிவமைப்பாளர்களுக்கோ குரல் கலைஞர்களுக்கோ தனிப் பயிற்சிக் கல்லூரி கிடையாது. அழைப்பிதழில் உறவுமுறைகளை வரிசைப்படுத்தியும், நாளிதழில் மெய்ப்புத் திருத்தியும், முப்பது நொடி விளம்பரத்துக்கு வசனத்தைச் சுருக்கியும்தான் அவர்கள் தொழில் கற்றனர். தாய்மாமன் பெயர் எங்கே வர வேண்டும், காலஞ்சென்றவரின் பெயருக்கு முன் என்ன அடைமொழி இட வேண்டும் என்பதையெல்லாம் மூத்த அச்சக ஊழியர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்த இடம் அந்தச் சிறு வேலைதான். 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றபோது அத்தகைய பயிற்சிக்கூடம் ஒன்று ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது. மீதமுள்ள சிறு வேலைகளும் கைப்பேசிக்குள் போய்விட்டால், பத்தாண்டு கழித்துப் பெரிய வேலைக்கு வேண்டிய ஆளை எங்கிருந்து அழைப்பது?

கருவியைக் குறைசொல்லி இதைத் தீர்த்துவிட முடியாது. கணினியைத் தமிழுக்குப் பழக்கியதில் கோலாலம்பூருக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் இங்கே உருவாக்கத் தொடங்கிய 'முரசு அஞ்சல்' தமிழ்த் தட்டச்சை எளிதாக்கியது. 2005இல் வெளியான 'செல்லினம்' கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தது. 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடும் இந்நகரில்தான் கூடியது. ஈய அச்செழுத்து கோத்தவர்களின் தொழில் மறைந்தது உண்மையே. ஆயினும் அந்த மாற்றத்தின்போது கருவியைச் செய்தவர்களும் அதன் பிழைகளைத் திருத்தியவர்களும் தமிழை நன்கு அறிந்தவர்கள். இசையிலும் அதுவே நடந்தது. கணினி இசைக்கருவிகளின் துணையோடு வளர்ந்த மலேசியத் தமிழ்ச் சொல்லிசையில், யோகி பி – நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தமிழகம் வரை சென்று சேர்ந்தது; அதற்கு வலுவூட்டியது இம்மண்ணின் இளைஞர்கள் பேசும் தமிழ். இன்றைய ஆக்கச் செயற்கை நுண்ணறிவோ வேறோர் ஊரில், வேறொருவரின் தமிழைக் கொண்டு சமைக்கப்பட்டு இங்கே வருகிறது. ஆகையால் அதற்கு வேண்டிய உள்ளூர்த் திருத்தத்தை யாரும் தானாகச் செய்து தரப்போவதில்லை.

ஒரே கருவியைப் பலரும் பயன்படுத்தும்போது படைப்புகள் ஒன்றையொன்று ஒத்துப்போவதும் கவனிக்கத்தக்கது. 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வொன்று, செயற்கை நுண்ணறிவின் யோசனைகளைப் பெற்று எழுதப்பட்ட சிறுகதைகள் தனித்தனியே பார்க்கும்போது மெருகேறியிருந்தாலும், மொத்தமாகப் பார்க்கும்போது ஒன்றுபோல் இருந்தன என்று கண்டது. பிரிக்பீல்ட்ஸின் அடுத்தடுத்த இரு கடைகள் ஒரே குத்துவிளக்கையும் ஒரே மயிலையும் ஒரே வாழ்த்தையும் மாட்டினால் விளம்பரத்தின் நோக்கமே அடிபடுகிறது. வடிவமைப்பாளர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: முதல் வரைவை வணிகரே செய்துகொண்டு வந்தாலும், தமிழைத் திருத்தி, எழுத்துருவைத் தேர்ந்து, அந்தக் கடைக்கே உரிய அடையாளத்தைக் கொடுக்கும் வேலைக்கு அவர்கள் தனிக் கட்டணம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

உரிமைச் சிக்கல்கள் தனியே பேசப்பட வேண்டியவை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைத் தனித்தன்மையுடையதாக்கப் போதிய முயற்சி செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று கூறுகிறது; தானாக எழுதும் மென்பொருள்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட சட்டமன்று அது. அமெரிக்காவில் மனிதரே ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதை 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆகவே ஓர் ஏவலால் மட்டும் பெற்ற சின்னத்தை நம்பித் தொழில் தொடங்குபவருக்கு, நாளை இன்னொருவர் அதே சாயலில் ஒன்றை வைத்துக்கொண்டால் பதிப்புரிமையைக் காட்டித் தடுப்பது கடினமாகலாம். மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்வது பாதுகாப்பான வழி. எழுத்தாளர்கள் பக்கத்தில், 2025இல் ஆந்த்ரோபிக் நிறுவனம் நூலாசிரியர்களோடு 1.5 பில்லியன் அமெரிக்க டாலருக்குச் செய்துகொண்ட உடன்பாடு பெரிய செய்தியானது. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களுக்கே அது பொருந்தியதால், கோலாலம்பூரில் அச்சான தமிழ் நூல்களின் ஆசிரியர்கள் அதில் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

குரலின் உரிமை தமிழருக்கு மிக நெருக்கமான சிக்கல். 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தில் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் வழங்கியதாகத் தெரிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் யுவன் சங்கர் ராஜா தம் மறைந்த சகோதரி பவதாரிணியின் குரலைச் சேர்த்தார். மாறாக, எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை இசைவின்றி உருவாக்கியதாகத் தெலுங்குப் படக்குழு ஒன்றுக்கு அவருடைய குடும்பம் சட்ட அறிவிக்கை அனுப்பியது. 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' படத்தின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி மீண்டும் திரையிட்டதை இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தனர்.

இத்தகைய புகழோ வழக்குத் தொடுக்கும் வசதியோ இல்லாத குரல் கலைஞர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளனர். ஒரு விளம்பரத்துக்காகச் சில மணி நேரம் பதிவு செய்த குரலைக் கொண்டு அதன் நகலை உருவாக்கி, அதன்பின் அவரை அழைக்காமலேயே வேறு பத்து விளம்பரங்களுக்குப் பயன்படுத்த இன்று இயலும். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு அளிக்கும் உரிமை ஒரு குறிப்பிட்ட நிகழ்த்துகையையும் அதன் பதிவையும் சார்ந்தது. பதிவிலிருந்து பிறந்த சாயலுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. பதிவு எந்த விளம்பரத்துக்கு, எத்தனை மாதத்துக்கு, மென்பொருளுக்குப் பயிற்சி தர அதைப் பயன்படுத்தலாமா, நகல் குரல் ஒலிபரப்பாகும் ஒவ்வொரு முறைக்கும் என்ன ஊதியம், கலைஞர் இறந்தபின் இசைவு தரவேண்டியவர் யார் என்பன அதில் இருக்க வேண்டியவை. இதற்கான மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் ஆக்கித் தருவது எழுத்தாளர், கலைஞர் சங்கங்கள் இப்போதே மேற்கொள்ளக்கூடிய வேலை. முதல் வரைவுக்குச் செயற்கை நுண்ணறிவையே பயன்படுத்தலாம், ஆனால் வழக்கறிஞர் ஒருவரும் தமிழ் மெய்ப்புத் திருத்துநர் ஒருவரும் படித்த பிறகே அது கையெழுத்துக்குப் போக வேண்டும்.